பாடியா, லென்ஸா, மவுண்டா: கேமரா நிறுவனம் மாற நினைக்கும் புதியவர் போட வேண்டிய கணக்கு

திருமண வரவேற்பு நடக்கும் மண்டபம். மேடையில் விளக்குகள் கண்ணைக் கூசினாலும் நாற்காலி வரிசைகளின் பக்கம் வெளிச்சம் மங்கல்தான். படம் எடுப்பவர் கையில் நிக்கான் டி5600 இருக்கிறது. அதில் பெட்டியோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். நாற்காலிகளுக்கு இடையே ஓடும் அண்ணன் மகளை 55 மி.மீ.-க்கு ஜூம் செய்து எடுக்கிறார். கேமரா காட்டும் எண்கள் எஃப்/5.6, 1/30 நொடி, ஐஎஸ்ஓ 3200. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் குழந்தையின் முகம் ஈரச் சுவரில் விரல் இழுத்தாற்போலக் கலைந்திருக்கிறது. நிழல் விழுந்த இடமெல்லாம் மணல் தூவியதுபோலப் புள்ளிகள். அன்றிரவே இணையத்தில் ஒப்பீட்டுக் காணொளிகளைத் தேட ஆரம்பிக்கிறார். பத்துக் காணொளிகள் முடிவதற்குள், தப்பான கம்பெனியின் கேமராவை வாங்கிவிட்டோம் என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிடுகிறது.

புதிதாகப் புகைப்படம் எடுக்கத் தொடங்கிய பலருக்கு ஓர் ஆண்டுக்குள் இந்த எண்ணம் வந்துவிடும். எனக்கும் வந்தது. இது எப்போதும் பிழையான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன படத்தைப் பொறுத்தவரை குற்றவாளி யார் என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. அவற்றில் 1/30 நொடி என்பது ஓடும் குழந்தையை உறைய வைக்கப் போதாது; குறைந்தது 1/250 நொடியாவது வேண்டும். ஷட்டர் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒன்று ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு அளவை மேலும் ஏற்றிப் புள்ளிகளைச் சகித்துக்கொள்ள வேண்டும், அல்லது லென்ஸ் வழியே அதிக வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். கிட் லென்ஸ் அதற்கு மேல் வாயைத் திறக்காது.

எஃப் எண் என்பது குவியத் தூரத்தை (18, 55 என்று லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை) லென்ஸின் திறப்பு விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. 55 மி.மீ.-இல் எஃப்/5.6 என்றால் திறப்பின் விட்டம் சுமார் 10 மி.மீ., அதாவது சட்டைப் பொத்தான் அளவு. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் அதே திறப்பு ஏறக்குறைய 28 மி.மீ. படம் பதியும் சென்சாரின் மேல் விழும் வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாக மாறும் என்பதால், எஃப்/5.6-இலிருந்து எஃப்/1.8-க்கு வரும்போது வெளிச்சம் ஒன்பதரை மடங்குக்கு மேல் கூடுகிறது. அதே மண்டபம், அதே நாற்காலி வரிசை, அதே ஐஎஸ்ஓ 3200. ஷட்டர் மட்டும் 1/30-இலிருந்து 1/250-க்கு மேல் போய்விடும். பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) மாறவில்லை, நிறுவனம் மாறவில்லை.

இப்போது நிறுவனத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். தொடக்க நிலை மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்களோடு பெட்டியில் வரும் லென்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேனான் ஆர்50-உடன் வருவது 18-45 மி.மீ., எஃப்/4.5-6.3. நிக்கான் இசட்50-உடன் வருவது 16-50 மி.மீ., எஃப்/3.5-6.3. சோனியின் சிறிய கேமராக்களோடு வருவது 16-50 மி.மீ., எஃப்/3.5-5.6. ஜூமின் நீண்ட முனையில் இவற்றுள் இரண்டு, பழைய கிட் லென்ஸைவிடக் குறைவான வெளிச்சத்தையே உள்ளே விடுகின்றன. புதிய சென்சாரும் புதிய செயலியும் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனாலும் பழைய கேமராவை விற்று, கையிலிருந்து மேலும் பணம் போட்டு வாங்கியவர் அடுத்த வரவேற்பில் அதே மங்கல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டுதான் நிற்பார்.

ஆகவே நிறுவனம் மாறுவது என்பதன் உண்மையான பொருள் என்ன என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. கடைக்காரர் கேமராவின் பெயரைச் சொல்கிறார். நாம் உண்மையில் வாங்குவது பாடியின் முகப்பில் இருக்கும் ஓர் உலோக வளையத்தை. அதுதான் மவுண்ட். எந்த லென்ஸ் பொருந்தும், எது பொருந்தாது, பொருந்தினாலும் ஆட்டோஃபோகஸ் ஓடுமா என்பதையெல்லாம் அந்த வளையமும் அதற்குள் இருக்கும் மின்தொடர்புப் புள்ளிகளுமே தீர்மானிக்கின்றன. பாடி நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கும். எனவே மவுண்டை மாற்றுவதுதான் வீடு மாறுவது. பாடியை மாற்றுவது அறைக்குப் புதுச் சுண்ணாம்பு அடிப்பதைப் போலத்தான்.

மவுண்டுகளின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்தால் இன்றைய சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். நிக்கான் தன் எஃப் மவுண்டை 1959-இல் கொண்டுவந்தது. வளையத்தின் முகப்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரையுள்ள தூரம் அதில் 46.5 மி.மீ. கேனான் 1987-இல் கொண்டுவந்த இஎஃப் மவுண்டில் அது 44 மி.மீ. இவ்வளவு இடைவெளி விட்டதற்குக் காரணம், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் கண்ணாடி. ஷட்டரை அழுத்தும்போது அது மேலே எழும்பி வழிவிட வேண்டும். எழும்புவதற்கு இடம் வேண்டும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. எனவே சோனி 2010-இல் இ மவுண்டை 18 மி.மீ. இடைவெளியிலும், 2018-இல் நிக்கான் இசட் மவுண்டை 16 மி.மீ.-இலும், கேனான் ஆர்எஃப் மவுண்டை 20 மி.மீ.-இலும் அமைக்க முடிந்தது.

இந்த எண்கள் வெறும் பொறியியல் விவரம் அல்ல. பணப்பையோடு நேரடித் தொடர்பு உடையவை. எஃப் மவுண்ட் லென்ஸை இசட் பாடியில் மாட்ட வேண்டுமானால், குறைகிற 30.5 மி.மீ. தூரத்தை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். உள்ளே ஒரு லென்ஸ் வில்லைகூடத் தேவையில்லை என்பதால் படத்தின் தரம் குறைவதில்லை. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் அதுதான். இஎஃப் லென்ஸ்களுக்குக் கேனானின் அடாப்டர் 24 மி.மீ. இடைவெளியை நிரப்புகிறது. எதிர்த்திசையில் இது நடக்காது. மிரர்லெஸ் லென்ஸை, கண்ணாடி உள்ள டி5600 போன்ற டிஎஸ்எல்ஆரில் பொருத்த வேண்டுமானால் அதன் பின்பகுதி கண்ணாடி அசையும் இடத்துக்குள்ளேயே போய் உட்கார வேண்டியிருக்கும். பழையதிலிருந்து புதியதற்குப் பாலம் உண்டு, திரும்பி வரப் பாலம் இல்லை என்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சோனியின் 18 மி.மீ.-க்கும் நிக்கானின் 16 மி.மீ.-க்கும் இடையே இருக்கும் வித்தியாசம் வெறும் 2 மி.மீ. அந்த இடுக்குக்குள் மின்சுற்றையும் வைத்து, சோனி லென்ஸை நிக்கான் இசட் பாடியில் ஆட்டோஃபோகஸோடு இயக்கும் அடாப்டர்களை வெளியார் செய்து விற்கிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் லென்ஸ் பேசும் மொழியை இன்னொரு நிறுவனத்தின் பாடிக்கு மொழிபெயர்க்கும் இந்த வகை அடாப்டர்கள், நிறுவனமே தன் லென்ஸுக்காகச் செய்யும் அடாப்டரைப் போல நம்பகமானவை அல்ல. பாடியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் அவை மௌனமாகிவிடக்கூடும். முதல் லென்ஸ் வாங்குபவர் இவற்றை நம்பித் திட்டம் போடக் கூடாது.

"ஒரே நிறுவனத்தில் இருந்தால் லென்ஸ் எல்லாம் பொருந்திவிடும்" என்று கடைகளில் சொல்வதும் பாதி உண்மைதான். கேனான் 1987-இல் இஎஃப் மவுண்டுக்குப் போனபோது அதற்கு முன்பிருந்த எஃப்டி மவுண்டை அப்படியே கைவிட்டது. எஃப்டி லென்ஸ்களில் பணம் போட்டிருந்தவர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த முறிவால், ஃபோகஸ் மோட்டாரை ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் வைத்து, எல்லாக் கட்டளைகளையும் மின்சாரம் வழியாகவே அனுப்பும் ஏற்பாடு முதல் நாளிலிருந்தே அமைந்தது. அதனால்தான் 1980-களின் இறுதியில் செய்த இஎஃப் லென்ஸ்கூட இன்றைய ஆர்எஃப் பாடியில் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு ஓடுகிறது. நிக்கான் அதற்கு நேர்மாறாக, 1959-இன் வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. வளையம் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே தலைமுறைகள் மாறிக்கொண்டே வந்தன. அந்தப் பொறுமையின் விலையை இன்று கொடுப்பவர் டி5600 போன்ற கேமரா வைத்திருக்கும் புதியவர்.

எப்படி என்றால், நிக்கானின் 50 மி.மீ. எஃப்/1.8-இல் இரண்டு வகை பழைய பொருள் சந்தையில் அடிக்கடி கிடைக்கும். ஒன்றின் பெயர் டி என்று முடியும். மற்றது ஏஎஃப்-எஸ் என்று தொடங்கி ஜி என்று முடியும். டி வகை மலிவு. அதற்குள் மோட்டார் கிடையாது. பாடியின் வளையத்தில் திருகாணி முனைபோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்து, அதுவே லென்ஸைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும். டி7000 வரிசைப் பாடிகளில் அந்த முனை உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் அது இல்லை. ஆகவே டி5600-இல் டி வகை லென்ஸை மாட்டினால் படம் எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை. எனவே நாளை இசட் பாடிக்குப் போனாலும் இதே கதிதான். ஓடும் குழந்தைக்காக வாங்கிய லென்ஸ், அசையாத குத்துவிளக்கை மட்டும் எடுக்கப் பயன்படும். வாங்கும் முன் லென்ஸின் கழுத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

இன்னொரு கதை கேனானின் இஎஃப்-எம். 2012-இல் சிறிய மிரர்லெஸ் கேமராக்களுக்காக வந்த இந்த மவுண்டின் இடைவெளி 18 மி.மீ. ஆறு ஆண்டு கழித்து அதே நிறுவனம் கொண்டுவந்த ஆர்எஃப் மவுண்டின் இடைவெளி 20 மி.மீ. இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் மாட்ட வேண்டுமானால் அது வளையத்துக்கு 2 மி.மீ. உள்ளே புதைந்திருக்க வேண்டும். அது நடவாத காரியம். இஎஃப்-எம் வரிசை இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் மூன்று லென்ஸ் சேர்த்தவர் நிறுவனத்தை மாற்றாமலேயே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியவரானார். பழைய பொருள் சந்தையில் இந்த வகைக் கேமராக்கள் கவர்ச்சியான விலையில் கண்ணில் படும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, செலவுக்கு வருவோம். மாறும்போது ஆகும் செலவை இரண்டு பாடிகளின் விலை வித்தியாசமாக மட்டும் பார்ப்பதுதான் பொதுவான தவறு. ஒரு பேச்சுக்கு, 1 லட்சம் ரூபாய்க்குச் சேர்த்த பாடியும் லென்ஸ்களும் விற்கும்போது 50,000 ரூபாய்க்குப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே பொருள்களை இன்னொரு நிறுவனத்தில் புதிதாக வாங்க மறுபடியும் 1 லட்சம் வேண்டும். புதுப் பொருளின் விலைக்குள் இருக்கும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி விற்கும்போது திரும்பி வரப்போவதில்லை. கையிலிருந்து போகும் 50,000 ரூபாயில் ஒரு நல்ல எஃப்/1.8 லென்ஸும் ஒரு ஃபிளாஷும் வாங்கி மிச்சமும் வைத்திருக்கலாம். இதற்கு மேல், இரண்டாவது பேட்டரி பொருந்தாது. ஃபிளாஷ் மேலே மாட்டிக்கொள்ளும், வெளிச்சமும் விடும்; ஆனால் ஒரு நிறுவனத்துக்கான தானியங்கி அளவீடு இன்னொன்றில் வேலை செய்யாது. முன்பக்கம் மாட்டும் ஃபில்டர்கள்கூட 55 மி.மீ. விட்டத்துக்கு வாங்கியது 49 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் முகப்பில் நேராக உட்காராது.

ரூபாயில் அளக்க முடியாத செலவு ஒன்றும் உண்டு. அது கையின் பழக்கம். கேனான், நிக்கான் இரண்டிலும் ஜூம் வளையம் திரும்பும் திசை ஒன்றுக்கொன்று நேர் எதிர். லென்ஸை மாட்டுவதற்குத் திருகும் திசையும் எதிர். பட்டியலில் இதைப் படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். நான் மாறிய மூன்றாவது வாரத்தில் ஓர் உறவினர் திருமணம். கெட்டிமேளம் ஒலித்தது, மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கழுத்தருகே போனது, முடிச்சை நெருக்கத்தில் எடுக்க ஜூமைத் திருப்பினேன். பல ஆண்டுகள் பழகிய விரல்கள் பழைய திசையிலேயே திருப்பின. கட்டத்துக்குள் பந்தலும், மேலே தொங்கிய மின்விசிறியும், அட்சதைக்குக் கை தூக்கிய பாதிக் கூட்டமும் வந்து நின்றன. சரியான பக்கம் திருப்பி முடிப்பதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்திருந்தது. நல்லவேளையாக, அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர் வேறொருவர்.

இவ்வளவும் சொன்னதால் மாறவே கூடாது என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். மாறுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் பாடி எதையும் கொண்டுவரவில்லை. புது லென்ஸ்களும் மிரர்லெஸ் மவுண்டுகளுக்கே வருகின்றன. எனவே டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் மவுண்ட் மாறியே ஆக வேண்டும். ஃபோகஸ் விஷயத்திலும் வேறுபாடு உண்மையானது. டி5600-இல் கண்திறப்பு வழியே பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் செய்வது கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கும் தனி உணரி. அதன் 39 புள்ளிகளும் கட்டத்தின் நடுப்பகுதியைச் சுற்றியே இருக்கின்றன. மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் கவனிக்கிறது. அதனால் முகம் கட்டத்தின் ஓரத்தில் இருந்தாலும் கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் தொடரும். எஃப்/1.8-இல் கண் துல்லியமாக இருந்து காது மங்கும் அளவுக்குத் தெளிவுப் பரப்பு மெல்லியதாகிவிடும் என்பதால், வாய் அகன்ற லென்ஸும் இந்தக் கண் தேடும் வசதியும் ஒன்றுக்கொன்று துணை. குழந்தைகளையும் விளையாட்டையும் பறவைகளையும் எடுப்பவருக்கு இது விளம்பர வாசகம் அல்ல.

ஆனால் எந்த மவுண்டுக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும்போது பாடிகளை ஒப்பிடுவதைவிட லென்ஸ் பட்டியல்களை ஒப்பிடுவதே பயன் தரும். இதில் பிற நிறுவன லென்ஸ்களின் பங்கு பெரிது. சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதன் விளைவாகச் சிக்மா, டாம்ரான் போன்றவர்களின் லென்ஸ்கள் அங்கே குவிந்தன. சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப்/2.8, டாம்ரானின் 17-70 மி.மீ. எஃப்/2.8 ஆகியவை கிட் லென்ஸுக்கு நேரடி மாற்றாகப் பலரும் தேடும் லென்ஸ்கள். நிக்கான் இசட் மவுண்டுக்குச் சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ்கள் 2023-இல் வந்தன. கேனான் ஆர்எஃப் மவுண்டில் நெடுநாள் கதவு மூடியே இருந்தது. சிறிய சென்சார் கேமராக்களுக்குச் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று லென்ஸ் தரப்போவதாக 2024 ஏப்ரலில்தான் அறிவிப்பு வந்தது. ஆகவே நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒப்பீட்டுக் கட்டுரையைப் படித்து முடிவெடுத்தால் பிசகும். இன்று, நாம் வாங்கக்கூடிய விலையில், நமக்கு வேண்டிய இரண்டாவது லென்ஸும் மூன்றாவது லென்ஸும் அந்த மவுண்டில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

நமக்கு வேண்டிய லென்ஸ் எது என்பதை எப்படி அறிவது? இதற்கான விடை ஏற்கெனவே நம் கணினியில் கிடக்கிறது. ஒவ்வொரு படக்கோப்பிலும் அது எடுக்கப்பட்ட குவியத் தூரம், அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ எல்லாம் பதிந்திருக்கும். படத் தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் குவியத் தூரத்தை வைத்தே வடிகட்டிப் பார்க்கலாம். கடந்த ஆண்டு எடுத்த படங்களில் நமக்குப் பிடித்த இருநூறு படங்களை மட்டும் தனியே எடுத்து இப்படிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் படங்கள் இரண்டு முனைகளில் குவிந்திருக்கும். எல்லாம் 55-இல் நின்றிருந்தால், அதற்கு மேல் போக ஆசைப்பட்டும் லென்ஸ் இடித்து நின்றிருக்கிறது என்று பொருள். எல்லாம் 18-இல் என்றால் பின்னால் நகர இடமில்லாமல் சுவரில் முதுகு ஒட்டியிருக்கிறது. இரண்டும் இல்லாமல் 30, 35, 40 என்று நடுவில் பரவியிருந்து, ஐஎஸ்ஓ மட்டும் எப்போதும் 3200-க்கு மேல் என்றால், தேவை தூரம் அல்ல, வெளிச்சம்.

முதல் ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸாக எல்லாரும் கைகாட்டுவது 50 மி.மீ. எஃப்/1.8. விலை குறைவு, படம் அழகு, பின்புலம் கரைந்துபோகும். புகழ்ச்சி அனைத்தும் நியாயமானதே. ஆனால் அந்தப் புகழ் ஃபிலிம் காலத்திலிருந்து, அதாவது 36 மி.மீ. அகலமுள்ள கட்டத்திலிருந்து வருகிறது. டி5600 போன்ற ஏபிஎஸ்-சி கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. தான். கணக்கு எளிது: எதிரே தெரியும் காட்சியின் அகலம், தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும். நடுத்தரக் குடும்பத்து வீட்டில், கூடத்தின் ஒரு சுவரோரம் நின்று பத்தடி தள்ளிச் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்களை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ.-இல் தெரியும் அகலம் 4.7 அடி, உயரம் 3 அடிக்குக் கொஞ்சம் மேல். பாட்டியும் ஒரு பேரனும் வருவார்கள், பக்கத்தில் இருக்கும் தாத்தா வெட்டுப்படுவார். 35 மி.மீ.-இல் அதே இடத்திலிருந்து 6.7 அடி தெரியும். மூவரும் உள்ளே வருகிறார்கள். 18 மி.மீ.-இல் 13 அடி. சோபாவோடு ஜன்னல் திரையும் தொலைக்காட்சியும் சேர்ந்து வரும். வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் அதிகம் என்றால் ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 35 மி.மீ.-யே பொருத்தம், கொஞ்சம் தள்ளி நின்று ஒருவரின் முகத்தை மட்டும் எடுப்பவருக்கு 50. இந்தக் கணக்கைப் போடாமல் 50 வாங்கிவிட்டு வாசற்படிக்கு வெளியே போய் நின்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கில் நம்பிக்கை இல்லாதவருக்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் வைத்து, பசைத் தடம் விடாத காகித டேப்பால் சுற்றிவிட்டு ஒரு வாரம் எடுங்கள். அடுத்த வாரம் 50-இல் ஒட்டுங்கள். எந்த வாரத்தில் டேப்பைக் கிழிக்கக் கை துடித்தது என்பது தெரிந்துவிடும். நகரங்களில் லென்ஸை நாள் வாடகைக்கு விடும் கடைகளும் இருக்கின்றன. பெரிய லென்ஸ் வாங்கும் முன் ஒரு சனி, ஞாயிறு வாடகைக்கு எடுப்பது, முப்பது காணொளிகள் பார்ப்பதைவிடத் தெளிவு தரும்.

பறவை எடுக்க வேண்டும் என்ற ஆசை வேறு கணக்கு. வேடந்தாங்கலில் ஏரிக்கு அப்பால், 60 மீட்டர் தூரத்தில், மரத்தின் மேல் நிற்கும் ஒரு மீட்டர் உயர நாரையை 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் சென்சாரின் மேல் விழும் உருவம் 5 மி.மீ.; கட்டத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதே நாரை 55 மி.மீ.-இல் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஒரு சாண் நீளமுள்ள மீன்கொத்தி என்றால் 15 மீட்டர் தூரத்தில் 300 மி.மீ.-இலும் 4 மி.மீ. தான். இங்கே எந்தப் பாடியும் கைகொடுக்காது. லென்ஸின் நீளமும், இன்னும் பத்தடி அருகே போக வைக்கும் பொறுமையும்தான் உதவும். பகல் வெளிச்சத்தில் எடுப்பதால் எஃப்/6.3 என்பது இங்கே பெரிய குறை ஆகாது. மலிவான 70-300 லென்ஸ்கள் மண்டபத்தில் தோற்றாலும் ஏரிக்கரையில் ஈடு கொடுக்கின்றன.

"எப்படியும் பின்னால் ஃபுல் ஃப்ரேமுக்குப் போவோம், இப்போதே அந்த லென்ஸை வாங்கி வைத்துவிடலாம்" என்று, 36 மி.மீ. அகலச் சென்சார் உள்ள கேமராவை மனதில் வைத்துத் திட்டமிடுவோரும் உண்டு. 24-70 மி.மீ. எஃப்/2.8 போன்ற லென்ஸ் ஏபிஎஸ்-சி பாடியில் 36-105 மி.மீ. போலத்தான் பார்க்கும். அதாவது கிட் லென்ஸில் இருந்த அகலக் கோணமே கையை விட்டுப் போய்விடும். எடை மட்டும் கழுத்தை இழுக்கும். வராத நாளுக்காக இன்றைய படத்தைக் குறுக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மிரர்லெஸுக்கு மாறுகிறவர்கள் விற்கும் இஎஃப், எஃப் மவுண்ட் லென்ஸ்கள் இப்போது நல்ல விலைக்குக் கிடைக்கின்றன; புதியவருக்கு இது வாய்ப்பு. ஆனால் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் லென்ஸின் எதிரி கீறல் அல்ல, பூஞ்சை. அப்பர்ச்சரை முழுதும் திறந்துவைத்து, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தூசி புள்ளியாகத் தெரியும்; அதற்குப் பயப்படத் தேவையில்லை. பூஞ்சை ஓரத்திலிருந்து சிலந்தி நூல்போலக் கிளைவிட்டிருக்கும். அதைக் கண்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்பேன். நான் ஒரு முறை டார்ச் இல்லாமல், கடையின் குழல்விளக்கில் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். வீட்டில்தான் நூல் தெரிந்தது. வாங்கிய பின்னும், துணிப்பையிலேயே பீரோவுக்குள் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

இனி, மண்டபத்தில் நாம் விட்டுவந்த டி5600-காரருக்கு என்ன சொல்வது? நான் அவர் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு பாடியைத் தொட மாட்டேன். நிக்கானின் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி என்ற லென்ஸ் 2009-இல் வந்தது. பழையதாக எளிதில் கிடைக்கும். மோட்டார் உள்ளேயே இருக்கிறது. டி5600-இல் இன்றே ஓடும். ஓர் ஆண்டு கழித்தும் ஃபோகஸ்தான் குறை என்று படங்கள் சொன்னால், அப்போது இசட் மவுண்டுக்குப் போகலாம்; அங்கே எஃப்டிஇசட் அடாப்டரில் இதே 35-உம், ஏற்கெனவே இருக்கும் ஏஎஃப்-பி வகைக் கிட் லென்ஸும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: அந்த 35-இல் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இல்லை, இசட்50 வரிசைப் பாடிகளிலும் இல்லை, எனவே நடந்துகொண்டே வீடியோ எடுக்க அந்த ஜோடி உதவாது. வீடியோதான் முக்கியம் என்றாலோ, எஃப்/2.8 ஜூம்களின் பெரிய பட்டியல் வேண்டும் என்றாலோ, சோனி பக்கம் போவதில் தவறில்லை. அப்படிப் போவதானால் பழைய பாடியையும் கிட் லென்ஸையும் சேர்த்து ஒரே பொருளாக, இன்னொரு புதியவருக்கு விற்கட்டும். 35-ஐத் தனியாக விற்கட்டும். மண்டபத்தில் அதே நாற்காலி வரிசைக்குப் பின்னால் கிட் லென்ஸோடு நின்று தவித்துக்கொண்டிருக்கும் வேறொருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.